காலம் சரியில்லை என்று சொன்னால் போதுமா?

தோட்டப்புறங்களில் யாராவது நோயில் விழுந்தால் முதலில் நம் காதில் விழும் வார்த்தை, "காலம் சரியில்ல" என்பதுதான். இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மழையும் வெயிலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஒன்று. நேரம் கெட்டது, தலையெழுத்து அப்படி என்பது மற்றொன்று. எங்கள் பெண்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு ஒரு பனடோலைப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை வேலைக்குப் போவார்கள்.

இரத்தினபுரி மாவட்டத்தின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்து வரும் எனக்கு இந்த வார்த்தையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும் போலிருந்தது. ஏனெனில் அதில் ஒரு பாதி உண்மை. காலத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. மற்றப் பாதி பொய். அந்தப் பொய்யால் உயிர்கள் போகின்றன.

இம்மாவட்டம் வடக்கு கிழக்கில் வாழும் சகோதரிகள் பலருக்கு அந்நியமானதல்ல. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களில் இங்குள்ள தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. உங்களில் சிலருடைய தாயோ பாட்டியோ இங்கே கொழுந்து பறித்தவராகவோ பால் வெட்டியவராகவோ இருக்கலாம். இங்கே பெய்யும் மழையைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வருடத்திற்கு 3,500 மில்லிமீற்றருக்கும் கூடுதலான மழை. வறண்ட வலயத்தில் பெய்வதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் களு கங்கை பெருகும். 2003 மே மாத வெள்ளத்திலும், 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. அந்த இரண்டு தடவையும் நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

வெள்ளத்தில் இறந்தவர்களைப் பத்திரிகைகள் கணக்கெடுக்கும். வெள்ளம் வடிந்து இரண்டு வாரத்தின் பின் காய்ச்சலில் விழுபவர்களை அயலவர்கூட மழையோடு சேர்த்து நினைப்பதில்லை. நான் எழுத வந்தது அவர்களைப் பற்றித்தான்.

நமது இரத்தத்தில் சாதாரணமாகக் கிருமிகள் பெருகி வாழ்வதில்லை. தோலிலும் குடலிலும் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருந்தாலும் அவை அங்கங்கே அடங்கியிருக்கும். ஏதோ ஒரு வழியால் ஒரு வகைப் பற்றீரியா இரத்தத்திற்குள் புகுந்து பெருகினால், அது உடல் முழுவதும் பரவிச் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பழுதாக்கும். இதைத்தான் இரத்தத்தில் கிருமித் தொற்று என்கிறார்கள். நாட்கணக்கில் அல்ல, சிலவேளை மணிக்கணக்கில் உயிர் போகும் நிலை இது.

இப்படிப்பட்ட தொற்று எல்லா மாதங்களிலும் ஒரே அளவாக வருவதில்லை. அமெரிக்காவில் 132 வைத்தியசாலைகளில் 1999 முதல் 2006 வரை நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட கிருமிகளை ஆராய்ந்து 2011 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குளிர்காலத்தை விடக் கோடைகாலத்தில் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியின் தொற்று சுமார் 12 வீதம் கூடுதலாக இருந்தது. கிளெப்சியெல்லா என்பது 28 வீதமளவில் கூடியிருந்தது. வைத்தியசாலைகளில் பெரும் தொல்லை தரும் அசினெற்றோபக்டர் பாதிக்கும் மேல் கூடியிருந்தது. மாதத்தை விட்டுவிட்டு வெப்பநிலையை மட்டும் பார்த்தாலும் சூடு கூடக் கூட இவையும் கூடின. ஆனால் எல்லாக் கிருமியும் அப்படியல்ல. தோலில் வாழும் சில வகைகளில் பெரிய மாற்றம் தென்படவில்லை. ஈரத்தையும் சூட்டையும் விரும்பும் கிருமிகளே காலத்தோடு ஏறி இறங்கின.

அங்கே பனி கொட்டும் காலமும் உண்டு, வெயில் கொளுத்தும் காலமும் உண்டு. இரத்தினபுரியில் வருடம் முழுவதும் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கிறது. அந்தக் கிருமிகள் விரும்பும் சூடு இங்கே பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. எங்களுக்கு மாறுவது மழை ஒன்றுதான். ஆகவே இங்கே இரத்தத்துக்குள் வரும் ஆபத்தின் பருவத்தை வெப்பமானி சொல்லாது. வயலும் கானும் ஆற்றங்கரையும்தான் சொல்லும்.

எலிக்காய்ச்சல் அதற்குச் சரியான உதாரணம். லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவமான பற்றீரியா அதற்குக் காரணம். எலி மட்டுமல்ல, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரகத்திலும் இது வாழும். அவற்றின் சிறுநீரோடு வெளியே வந்து ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்த இடத்திலும் நேர் வெயிலிலும் விரைவில் செத்துவிடும். நம் காலில் உள்ள வெடிப்பு, கீறல், அட்டை கடித்த புண், சேற்றுப்புண், நீரில் நெடுநேரம் ஊறிய தோல், கண், வாய் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் புகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் காய்ச்சல் தொடங்கும். முதல் வாரம் கிருமி இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாரத்தில் மருந்து கிடைத்தால் பிழைப்பவர் மிக அதிகம். சாதாரண பெனிசிலினுக்கே இந்தக் கிருமி அடங்கும். அந்த வாரத்தைத் தவறவிட்டால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பாதிக்கப்படலாம்.

2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வந்ததாகப் பதிவானது. சுமார் இருநூறு பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் இந்நோய் மிகக் கூடுதலாகப் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. இங்கே வயல் உண்டு, மாணிக்கக்கல் தோண்டும் பத்தல்கள் உண்டு, மழை உண்டு. மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலுக்கு வேறென்ன வேண்டும்?

நான் அறிந்த ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். 1983 இல் ஏழு வயதுச் சிறுமியாகப் பெற்றோரோடு வவுனியாவுக்குப் போனவர். அங்கே வளர்ந்து, கல்யாணம் முடித்து, 2009 இல் கணவனைப் பறிகொடுத்து, முகாமில் இருந்து, பின்பு இரண்டு பிள்ளைகளுடன் இங்கே தன் தமக்கையின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் அவர் பதிவுத் தொழிலாளி அல்ல. கூப்பிட்ட நாளில்தான் பேர். அதனால் மற்ற நாட்களில் 'நாட்டுப்பக்கம்' வேலைக்குப் போவார். தோட்டத்து ஆட்கள் பக்கத்துச் சிங்களக் கிராமத்தை அப்படித்தான் சொல்வார்கள். நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் அங்கே வேலை.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் பனடோல். இரண்டாம் நாள் கொத்தமல்லிக் குடிநீர். மூன்றாம் நாள் மேல்வலி தாங்காமல் கடையொன்றில் வேறு வலி மாத்திரை வாங்கிக் குடித்திருக்கிறார். நான்காம் நாள் நான் அந்த லயத்துக்குப் போனபோது கண்கள் இரண்டும் சிவந்து, எழுந்து நடக்க முடியாமல் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"ஏன்க்கா ஆஸ்பத்திரிக்குப் போகல்ல?" என்றேன்.

"காலம் சரியில்லீங்க மிஸ். எல்லாருக்கும்தான் காய்ச்சல். பேர் போயிரும்" என்றார்.

அரச வைத்தியசாலையொன்றில் சேர்த்தோம். இளம் வைத்தியர் அக்கறையோடுதான் விசாரித்தார். ஆனால் அவருக்குத் தமிழ் வராது, அக்காவுக்கு வைத்தியசாலைச் சிங்களம் வராது. என்ன தொழில் என்று கேட்டபோது, "தேயிலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அது டெங்கு பரவியிருந்த காலம். வைத்தியர் டெங்கு என்றே எண்ணி இரத்தம் எடுக்கச் சொன்னார். வயலுக்குப் போனதை ஏன் சொல்லவில்லை என்று நான் மெதுவாகக் கேட்டேன். தோட்டத்துக்குத் தெரிந்தால் கிடைக்கிற பேரும் இல்லாமல் போகும் என்ற பயம். வாட்டில் அடுத்த கட்டிலில் இருந்தவர் அதே தோட்டத்து ஆள்.

இரண்டு வாரமாக வயல் சேற்றில் நின்றவர் என்பதை வைத்தியருக்கு எடுத்துச் சொன்னதும் அவர் காலைப் பார்த்தார். விரலிடுக்கு முழுவதும் சேற்றுப்புண். அன்று மாலையே மருந்து ஊசி ஏற்றத் தொடங்கினார்கள். சிறுநீர் வெகுவாகக் குறைந்து, இரண்டு நாள் எல்லோரும் பயந்திருந்தோம். மூன்றாம் நாள் தேறினார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. பத்தலில் வேலை செய்த ஓர் இளைஞனை ஏழாம் நாள் கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அவனுடைய தாயும் என்னிடம் சொன்னது, "காலம் சரியில்ல" என்றுதான்.

ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி வந்த ஒரு பெண், காலில் இருந்த புண்ணை வைத்தியரிடம் காட்டாததால் சாகலாமா? மழை எல்லோர் தலையிலும்தான் பெய்கிறது. ஆனால் வெறும் காலோடு சேற்றில் நிற்பது யார்? ஒரு நாள் பேருக்குப் பயந்து நான்கு நாள் காய்ச்சலை மறைப்பது யார்? சமூகவியல் படித்த காலத்தில் நோய்க்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பைப் புத்தகத்தில் வாசித்தேன். அதை இங்கே வந்துதான் கண்ணால் கண்டேன்.

மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தால் இன்னொரு கதை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மலையில் வெயில் ஏறும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் காலையில் குடித்த தேத்தண்ணீரோடு மதியம் வரை நிற்பார்கள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும். பல மலைகளில் மலசலகூடம் கிடையாது. ஆண்கள் நடமாடும் இடத்தில் எங்கே ஒதுங்குவது? ஆகவே தாகத்தையும் அடக்குகிறார்கள், சிறுநீரையும் அடக்குகிறார்கள். இப்படிச் செய்தால் சிறுநீர்ப்பாதையில் கிருமி தங்கிப் பெருக வழி ஏற்படும். அது பெரும்பாலும் மேலே சொன்ன அதே ஈ.கோலைதான். எரிச்சலோடு தொடங்கும். வெட்கத்தில் சொல்லாமல் விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும். அங்கிருந்து இரத்தத்துக்குள் இறங்கும். கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது மிக ஆபத்தானது. வன்னியின் வெயிலில் கூலிக்குப் போகும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். வெயில் செய்தது பாதி. மறைவான ஓர் இடம் இல்லாதது மீதி.

வைத்தியசாலைக்குள் போய்விட்டால் மட்டும் காலத்தின் பிடியிலிருந்து தப்பிவிடுகிறோமா என்றால், இல்லை. அமெரிக்காவில் எண்ணப்பட்டவர்களும் வைத்தியசாலையில் கிடந்த நோயாளிகள்தானே. சேலைன் ஏற்றும் ஊசி, சிறுநீர்க் குழாய், சத்திரசிகிச்சைக் காயம் ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வாசல். புழுக்கமான நாட்களில் ஈரமான கட்டுக்குக் கீழ் கிருமி வேகமாகப் பெருகும்.

இந்த இடத்தில் பழைய சம்பவமொன்றைச் சொல்ல வேண்டும். 1840களில் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மாரளவில் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். மருத்துவமாதர் பார்த்த பிரிவில் நான்கு பேரளவில்தான். தங்களை முதற் பிரிவில் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் முழங்காலில் நின்று கெஞ்சியிருக்கிறார்கள். காற்றும் காலநிலையும் கெட்டதால் வரும் நோய் என்று பெரிய வைத்தியர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் "காலம் சரியில்லை" என்றுதான் சொன்னார்கள்! இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் ஒன்றை யோசித்தார். இரண்டு பிரிவுக்கும் ஒரே காலநிலைதானே, பின் ஏன் இந்த வித்தியாசம்? பிரேதங்களை அறுத்துப் படித்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதைக் கண்டார். 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவியே உள்ளே வர வேண்டும் என்று சட்டம் வைத்தார். சில மாதங்களில் மரணம் நூற்றுக்கு இரண்டளவில் இறங்கியது. வியன்னாவில் மாறியது காலநிலை அல்ல, கை.

இதை நாமும் மனதில் வைக்க வேண்டும். நோயாளியின் பக்கத்தில் இருப்பது அநேகமாகப் பெண்கள்தான். தாயாக, மகளாக, சகோதரியாக. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஊசி ஏறிய இடம் சிவந்திருந்தால், வீங்கினால், கட்டு நனைந்திருந்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

வடக்கில் எங்களுக்கு இது தேவையில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் பெரு மழையும் வெள்ளமும் வந்தன. டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று எல்லோரும் பயந்தார்கள். சில நாட்களுக்குள் ஏழு பேர் இறந்த பின் அது எலிக்காய்ச்சல் என்று தெரிய வந்தது. இங்கே மே மாதம் வரும் ஆபத்து அங்கே கார்த்திகை, மார்கழியில் வருகிறது. மாதம்தான் வேறு, சேறு ஒன்றுதான்.

ஆகவே சகோதரிகளே, மழைக்காலத்தில் இவற்றைக் கவனியுங்கள். வயலுக்கோ வெள்ளம் நின்ற வளவுக்கோ இறங்குமுன் காலில் உள்ள புண்ணை நீர் புகாதபடி கட்டுங்கள். முடிந்தால் சப்பாத்து அணியுங்கள். வீடு வந்ததும் சுத்தமான நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடையுங்கள். தேங்கிய நீரில் முகம் கழுவ, வாய் கொப்பளிக்க வேண்டாம். குடிநீரைக் கொதிக்க வைத்து மூடி வையுங்கள். வயலிலும் பத்தலிலும் வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு தடவை குடிக்கும் டொக்ஸிசைக்ளின் என்ற தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகத் தருகிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் அதைக் குடிக்கக்கூடாது. சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடாது.

கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சிறுநீர் குறைதல், மூச்சு வாங்குதல், நடுக்கம், புத்தி தடுமாறுதல் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். பனடோல் தவிர்ந்த வேறு வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் குடிக்க வேண்டாம். டெங்குவானாலும் எலிக்காய்ச்சலானாலும் அவை கெடுதல் செய்யும்.

இதைவிட முக்கியமானது, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். "கடந்த இரண்டு கிழமைக்குள் வயலில் நின்றேன்", "வெள்ளத்தில் நடந்தேன்", "பத்தலில் இறங்கினேன்" என்று சொல்லுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், "மம கும்புரே வெட கலா" என்ற நான்கு சொல்லைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வயலில் வேலை செய்தேன் என்பது அதன் பொருள். எலிக்காய்ச்சலைச் சிங்களத்தில் 'மீ உண' என்பார்கள். எங்கள் பெண்கள் குழுக்களில் இப்போது இவற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. சப்பாத்து வாங்கக் காசில்லாதவரிடம் சப்பாத்துப் போடு என்று சொல்வதோடு என் வேலை முடிந்துவிடாது. மலையில் மலசலகூடம், காய்ச்சல்காரருக்கு வேலை போகாது என்ற உறுதி, வைத்தியசாலையில் தமிழ் விளங்கும் ஒருவர், மழை தொடங்குமுன் லயத்துக்கே வரும் தடுப்பு மருந்து ஆகியவற்றை நாம் கூட்டாகக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்கும் பெண்ணின் பேரை வெட்டலாம். முப்பது பெண்கள் சேர்ந்து கேட்டால் அப்படிச் செய்ய யோசிப்பார்கள்.

மழையை நிறுத்த நம்மால் முடியாது. எப்போது வரும் என்று தெரிந்த எதிரிக்கு முன்கூட்டியே ஆயத்தமாகலாம். அடுத்த தடவை உங்கள் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போது யாராவது "காலம் சரியில்ல" என்றால், அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "காலம் கிடக்கட்டும், போன இரண்டு கிழமையாக இவருடைய கால் எங்கே நனைந்தது?"